நாமே போட்ட திட்டம்

பஸ் டிப்போவில் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். எந்த டிரைவர் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், எந்த கண்டக்டர் எங்கே இறங்கி டீ குடிக்க வேண்டும் என்று டியூட்டி சார்ட் போடுகிறவர் அவர்தான். இருபத்து மூன்று வருஷமாக அதே மேஜை, அதே கட்டம் போட்ட தாள். அவர் மனைவி பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். பல் வரிசையைப் பொருத்திய பிறகு அதைச் சுற்றி ஈறை மெழுகில் செதுக்க வேண்டும். அது அவள் பொறுப்பு. கூட வேலை செய்த பெண்கள் அவளை மெழுகக்கா என்று கூப்பிட்டார்கள்.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போன வருஷம், இருவருக்கும் ஒரே சமயத்தில் எட்டு நாள் லீவு கிடைத்தது. கூடத்தில் ஒருத்தி போய்விட்டு வந்த குழுச் சுற்றுலாவின் நோட்டீஸை மெழுகக்கா கைப்பையில் மடித்து எடுத்துவந்து புருஷனிடம் காட்டினாள். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஆட்டு மந்தை மாதிரி ஒருத்தன் பின்னாடி ஓடணுமா? அவன் நில்லுன்னா நிக்கணும், ஏறுன்னா ஏறணும். எதுக்கு அந்தத் தலையெழுத்து? நாமளே போவோம். நம்ம இஷ்டம். பிடிச்ச இடத்துல உக்காரலாம், பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம்.”

அந்த ‘உக்காரலாம்’ என்ற சொல்லில்தான் அவள் விழுந்தாள். நாள் முழுக்க விளக்குக்குக் கீழே குனிந்து, அடுத்தவர் வாயின் அளவுக்கு மெழுகைச் சுரண்டுகிறவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? முதுகைச் சாய்த்து, எதிரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, கையில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று மாதம் அவர் திட்டம் போட்டார். முப்பத்தொரு பக்கம். ஸ்பைரல் பைண்டிங். ‘6.10 எழுதல். 6.40 காலை உணவு. 7.05 லிஃப்ட்’ என்று லிஃப்டுக்குக்கூட ஒரு வரி. அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். போன இடத்தில் எல்லாம் தானாகத் தளர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

எதுவும் தளரவில்லை. முதல் நாள் கோட்டை. இருநூற்றுப் பன்னிரண்டு படி. அவர் முன்னால் ஏறினார், அவள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். இரண்டாம் நாள் ஏரி. மரத்தடியில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். புல் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது.

“படகுத்துறைக்கு ஏழு நிமிஷம் நடக்கணும். எழுந்திரு” என்றார்.

“கொஞ்ச நேரம் இருக்கலாமேங்க.”

“இருக்கலாம். யார் வேணாம்னா? ஆனா இந்தப் படகை விட்டா அடுத்த படகு ஒரு மணிக்கு. அப்ப பூங்கா போச்சு. பூங்கா போனா சாயங்காலம் மொத்தமும் போச்சு. வேணும்னா சொல்லு, எல்லாத்தையும் அடிச்சுடறேன். நம்ம இஷ்டம்தானே?”

அப்படிக் கேட்டபோது அவருடைய முகம் தொங்கிவிட்டது. அதுதான் பெரிய சிக்கல். சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது என்றால் முகம் தொங்கும். கால் வலிக்கிறது என்றால் முகம் தொங்கும். எந்தக் குறையும் போய் நேராக அவருடைய மூன்று மாத உழைப்பின் மேல்தான் விழுந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பஸ் வரவில்லை. தூறலில் நாற்பது நிமிஷம் நின்றார்கள். “இந்த ஊர் டிப்போவுல சார்ட் போடறவன் யாரு? அவனை ஒரு தடவை பாக்கணும்” என்று அவர் பொருமிக்கொண்டிருந்தார். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது நம் கதைதான் என்று அவள் நினைத்தாள். அதையும் விழுங்கினாள். அன்றைக்கு மகள் போனில், “எப்படிம்மா இருக்கு ஊர்?” என்று கேட்டாள்.

“எல்லாத்துக்கும் போயாச்சு. எதையும் பாக்கல” என்றாள் மெழுகக்கா.

நான்காம் நாள் காலை ஹோட்டல் வாசலில் ஒரு சிறிய பஸ் நின்றது. நீர்வீழ்ச்சிக்குப் போகும் ஒருநாள் குழு. ஒரே ஒரு சீட் காலி என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த பெண். மெழுகக்கா யோசிக்காமல் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள்.  அவர் அப்போது ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் அந்த பஸ்ல போறேன்.”

“எந்த பஸ்?”

“வாசல்ல நிக்குதே, அது.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “கும்பலோட கோவிந்தா போடவா இவ்வளவு தூரம் வந்தோம்? இன்னிக்கு நமக்கு மியூசியம்.”

“நீங்க பாத்துட்டு வாங்க.”

“நான் மட்டுமா? ரெண்டு பேருக்குத்தானே போட்டிருக்கேன்!”

“நம்ம இஷ்டம்னு நீங்கதானே சொன்னீங்க. இது என் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு, அவருடைய முகம் தொங்குவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எரிகிற கொள்ளியில் நல்ல கொள்ளி என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வழிகாட்டி கழுத்தில் விசில் மாட்டிய ஓர் இளைஞன். கையில் மஞ்சள் குடை. இறங்கும்போது தலையை எண்ணினான், ஏறும்போது எண்ணினான், நடுவில் சந்தேகம் வந்தால் மறுபடியும் எண்ணினான். முதலில் ஒரு கம்பளக் கடைக்குக் கொண்டுபோய் விட்டான். அங்கே ஒரு மணி பத்து நிமிஷம். கம்பளத்தை விரித்தார்கள், சுருட்டினார்கள், இன்னொன்றை விரித்தார்கள். யாரும் வாங்கவில்லை. அப்புறம் நீர்வீழ்ச்சி. “பத்தே நிமிஷம்!” என்று விசில் ஊதினான். ஈரப் பாறையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அவள் தண்ணீர்ப் பக்கம் போய்ச் சேரவே எட்டு நிமிஷம் ஆனது. முகத்தில் சாரல் பட்டது. விசில் அடித்துவிட்டது.

திரும்பி வந்து சீட்டில் விழுந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. பின்சீட்டில் தபாலாபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவும் அவளுடைய தங்கையும் இருந்தார்கள். தபாலாபீஸ் அம்மா சத்தமாகவே கேட்டாள்:

“இவன் அருவியைக் காட்டக் கூட்டிட்டு வந்தானா, கம்பளம் விக்கக் கூட்டிட்டு வந்தானா?”

மெழுகக்கா திரும்பினாள். “கம்பளத்துக்கு எழுபது நிமிஷம், தண்ணிக்குப் பத்து நிமிஷம். நாம கம்பளத்துலதான் குளிச்சிருக்கணும்.”

பஸ்ஸே சிரித்தது. வழிகாட்டியும் சிரித்தான். “என்னை என்ன பண்ணச் சொல்றீங்கக்கா? கம்பெனி சொல்றதை நான் செய்யறேன். திட்டறதுன்னா நல்லாத் திட்டுங்க, கேட்டுக்கறேன்” என்றான். யாருடைய முகமும் தொங்கவில்லை.

அவ்வளவுதான், மூன்று நாளாக விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. சீட் முள்ளாய்க் குத்துகிறது என்றாள். விசில் காதைக் கிழிக்கிறது என்றாள். மதியச் சாப்பாட்டில் உப்பைத் தேட வேண்டியிருந்தது என்றாள். தங்கைக்காரி ஒவ்வொன்றுக்கும் “அப்படிச் சொல்லுங்க” என்று தாளம் போட்டாள். தொண்டை வறண்டுபோகும்வரை மெழுகக்கா பேசினாள். அதற்காக அந்த நாள் நல்ல நாளாகிவிடவில்லை. திரும்பும் வழியில் வெயில் பக்கத்து ஜன்னலில் தூங்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஐந்து மணிக்கு ஹோட்டல் வாசலில் இறங்கினாள். அவர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் முப்பத்தொரு பக்கம்.

“மியூசியம் எப்படி?”

“செவ்வாக்கிழமை லீவு.”

“பாக்காமலா எழுதினீங்க?”

“பாத்துதான் எழுதினேன். திங்கக்கிழமை லீவுன்னு இருந்துது. எப்பவோ மாத்திட்டாங்களாம்.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது? அடுத்து 12.40க்குத்தான் சாப்பாடு. அதுவரைக்கும் மியூசியம் கேட் வாசல்லயே நின்னேன்.”

சிரிப்பு வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கோபமும் பாவமும்தான் ஒன்றாக வந்தன. அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்.

“உனக்கு எப்படி இருந்துது?”

“கண்றாவி.”

அவருடைய முகம் ஒரு கணம் மலர்ந்தது. “நான்தான் சொன்னேனே!”

“ஆனா கண்றாவின்னு அங்க வாய்விட்டுச் சொல்ல முடிஞ்சுது. உங்ககிட்ட சொல்ல முடியலையே.”

அவர் மடியிலிருந்த திட்டத்தைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதைத் திருப்பி, பின்னட்டையின் வெற்றுப் பக்கத்தை அவளிடம் நீட்டினார். “சரி. நாளைக்கு நீயே போடு. நான் வாயே திறக்கல.”

உண்மையாகத்தான் கொடுத்தார். அது அவளுக்கும் தெரிந்தது. இருந்தும் பற்றிக்கொண்டு வந்தது.

“உக்கார நேரம் குடுங்கன்னு கேட்டா, உக்காந்து எழுதுன்னு பேனாவைக் குடுக்கறீங்க! இதுவும் என் தலையிலதானா?”

“அப்ப நான் என்னதான் பண்ணணும்? சொல்லித் தொலையேன்!”

“ஒண்ணும் பண்ண வேணாம். ஒம்பது மணி வரைக்கும் தூங்கப்போறேன். அதுக்கப்புறம் தோணினதைச் செய்வோம்.”

“ஒண்ணும் தோணலைன்னா?”

“தோணலைன்னா தோணல.”

டிரைவர் இல்லாமல் நகர்கிற வண்டியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். ஆனால் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் அவளுக்குத் தானாக விழிப்பு வந்தது. ஜன்னலில் இளவெளிச்சம். அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஷூவுக்கு முடிச்சுப் போட்டு, நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலின் மேல்.

“மணி என்ன?”

“ஆறு பதினேழு.”

“படுங்களேன்.”

“தூக்கம் வரல. நீ தூங்கு. நான் சும்மாதான் இருக்கேன்.”

சும்மா இருக்க அவருக்குத் தெரியவில்லை. வலது கால் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் புரண்டாள். ஒன்பது மணிக்கு இன்னும் இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிஷம் இருக்கிறது என்று, அவளைக் கேட்காமலே, அவள் மனம் கணக்குப் போட்டுச் சொன்னது.