செகண்ட் ஷிப்ட்

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் மாரிசெல்வி இரண்டு கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒரு மணி தாண்டினால் இரண்டும் போய்விடும். அரசுக் கலைக் கல்லூரியில் ஒரு இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிற காலத்தில், இவளுக்கு இரண்டு கிடைத்துத் தொலைத்திருந்தது.

ஒன்று, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்துப் போகிற கல்லூரி. பி.ஏ. வரலாறு, காலையில் வகுப்பு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் விட்டுவிடுவார்கள். மற்றது குன்றத்தூர் தாண்டி இருந்தது. பி.ஏ. பொருளியல், மதியம் இரண்டரைக்கு ஆரம்பம்.

மனசைக் கேட்டால் வரலாறு என்றுதான் சொல்லும். பிளஸ் ஒன் லீவில், ஊரில் தாமிரபரணிக் கரையில் தொல்லியல்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் கூலிக்குப் போனவள் அவள். பானை ஓடுகளைப் பிரஷ் வைத்துக் கழுவிக் காயப்போடுவது வேலை. குடை நிழலில் நாற்காலி போட்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் நம்பர் எழுதிக்கொண்டிருந்த அக்காவிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டாள். வரலாறு என்றார் அந்த அக்கா. அன்றிலிருந்து மாரிசெல்விக்கு அந்த நாற்காலி மேல் கண்.

ஆனால் மனசை யார் கேட்கிறார்கள். வல்லம் வடகாலில் செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் இரண்டு வருஷமாக அசெம்பிளி லைனில் நிற்கிறாள். ஒரு வாரம் பர்ஸ்ட் ஷிப்ட், காலை ஐந்தரையிலிருந்து ஒன்றரை. மறுவாரம் செகண்ட் ஷிப்ட், ஒன்றரையிலிருந்து இரவு ஒன்பதரை. வேலையை விட்டால் கம்பெனி ஹாஸ்டலில் கட்டில் இல்லை. கட்டில் இல்லையென்றால் ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டும், அங்கே அம்மா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். ஆகவே ஏதாவது ஒரு ஷிப்ட் நிரந்தரமாகக் கிடைத்தால்தான் படிப்பு. செகண்ட் கிடைத்தால் காலையில் வரலாறு, பர்ஸ்ட் கிடைத்தால் மதியம் பொருளியல்.

சூப்பர்வைசர் தணிகாசலம் கெட்டவர் இல்லை. நாலு நாள் அவர் பின்னாலேயே சுற்றியதில் இரங்கிவிட்டார்.

"ஏதோ ஒன்னு பிக்ஸ் பண்ணித் தரேன்மா. எதுன்னு எச்.ஆர்.தான் சொல்லணும். வெள்ளிக்கெழம சொல்றேன், போ."

அந்த வாரம் அவளுக்குப் பர்ஸ்ட் ஷிப்ட். உள்ளே போனால் ஒன்றரை வரை வெளியே வர முடியாது. நாளெல்லாம் போன் செய்கிற கம்பெனியில், செய்கிறவள் கையில் போன் இருக்கக் கூடாது. கேட்டில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் அவள் தன் போனை அறைத் தோழி ஷெர்லினிடம் கொடுத்தாள். சாத்தான்குளத்துக்காரி, பக்கத்து லைன், வெள்ளிக்கிழமை அவளுக்கு வார லீவு.

"ஏட்டி, சார் எந்த ஷிப்ட் தாராரோ அதப் பொறுத்துத்தான் காலேஜு. உன் போனுக்குச் சேதி வரும். அதுக்குத் தக்கன என் போன்ல அமுக்கிரு, ஓ.டி.பி. வந்ததும் போட்டுரு."

"அமுக்குதேன். நான் எங்க போவப்போறேன்."

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்று மாரிசெல்வி நினைத்தாள். லைனில் நிற்கிற பெண்ணுக்கு ஷிப்ட் என்றால் தெரியாதா. நினைத்தது தப்பு. கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரலாறு என்ற ஒரே வார்த்தை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி ஆகியும் தணிகாசலம் வரவில்லை. மாரிசெல்வியின் கை ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்தது, கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அவள் ஸ்க்ரூ போட்டு அனுப்பிய இரண்டு போன்கள் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தன. பன்னிரண்டு நாற்பதுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார்.

"உனுக்கு செகண்ட் ஷிப்ட்மா. ஆறு மாசத்துக்கு மாத்த மாட்டாங்க. சந்தோஷந்தான?"

சந்தோஷமா. முகத்தை மூடிய மாஸ்க்குக்குள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலி கிட்டத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"சார், ஒரே ஒரு போன் போடுங்க சார். ஷெர்லினுக்கு. செகண்ட் ஷிப்ட்னு சொன்னா போதும்."

சூப்பர்வைசர்களுக்கு மட்டும் உள்ளே போன் உண்டு. அவர் நம்பர் போட்டார். "ஷெர்லினா? மாரிசெல்விக்கு செகண்ட் ஷிப்ட். அவ்ளோதான், செகண்ட் ஷிப்ட்," என்று சொல்லி வைத்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஸ்க்ரூவுக்குத் திரும்பினாள். அப்புறம் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை.

கம்பெனி பஸ் ஹாஸ்டலில் இறக்கிவிட்டபோது மணி இரண்டேகால். ஷெர்லின் வாசலிலேயே நின்றாள். பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வைத்திருந்தாள்.

"முடிச்சாச்சிட்டி. பன்னெண்டு அம்பதுக்கே முடிச்சிட்டேன். ட்ரீட்டு எப்ப?"

மாரிசெல்வி சிரித்துக்கொண்டே போனை வாங்கிப் பார்த்தாள். பி.ஏ. பொருளியல் என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பொருளியல்தான். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஷிப்ட் இரண்டு என்று போட்டிருந்தது.

அரசுக் கல்லூரிக்காரர்கள் காலை வகுப்புக்கு ஷிப்ட் ஒன்று என்றும் மதிய வகுப்புக்கு ஷிப்ட் இரண்டு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். மாரிசெல்வி அதைப் பத்துத் தடவை பார்த்திருப்பாள். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. இரண்டு வருஷமாக அவள் காதுக்கு ஷிப்ட் என்றால் கம்பெனி ஷிப்ட் ஒன்றுதான்.

"எக்கனாமிக்ஸை எதுக்குட்டி அமுக்குன?"

"நீதான செகண்ட் ஷிப்ட்னு சொல்லச் சொன்ன? ரெண்டு காலேஜு இருந்துச்சி. ஒண்ணுல ஷிப்ட் ஒண்ணுன்னு இருந்துச்சி, இன்னொண்ணுல ரெண்டுன்னு இருந்துச்சி. நான் என்னத்தக் கண்டேன்?"

மாரிசெல்வி ஷெர்லினைத் திட்ட வாயெடுத்தாள், திட்ட ஒரு வார்த்தையும் நியாயமாக அகப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தப்பு செய்தவள் என்று இன்னொருத்தியைக் காட்ட முடிந்தால் பாதி வயிற்றெரிச்சல் தீர்ந்திருக்கும். ஷெர்லின் கொடுத்த பன்னை அறைக்குப் போய்க் கட்டில் மேல் வைத்துவிட்டு, கல்லூரிச் சேர்க்கை உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எட்டாவது தடவை எடுத்தார்கள்.

"ஒரு சீட்டைக் கன்ஃபார்ம் பண்ணா இன்னொன்னு தானா கேன்சல் ஆயிடும்மா. பண்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

யோசிக்காமலா. ஒரு வாரமாக அவள் வேறு எதை யோசித்தாள்.

சனிக்கிழமை தணிகாசலத்திடம் போய் நின்றாள். நடந்ததைச் சொல்லி, பர்ஸ்ட் ஷிப்ட்டாக மாற்றித் தரும்படி கேட்டாள்.

"இன்னாமா விளையாட்றியா? செகண்ட் வாங்கறதுக்கே எச்.ஆர். கால்ல விழாத கொறையா நின்னேன். ஆறு மாசம்னு சொன்னேன்ல?"

"பழையபடி வாரம் மாத்தியாச்சும் விடுங்க சார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் காலேஜு போவேன்லா."

"பிக்ஸ்னா பிக்ஸ்தான்மா. நீ கேட்டுதான குடுத்தாங்க."

கேட்காமலே இருந்திருந்தால் பாதிப் படிப்பாவது மிஞ்சியிருக்கும். அதையும் அவள் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள்.

கல்லூரி திறக்கிற நாள் வந்தது. ஒன்றரைக்குப் போனை லாக்கரில் பூட்டிவிட்டு லைனுக்குப் போனாள். இரண்டரை மணிக்கு எச்.ஆர். மேடம் சந்திரலேகா கேமராக்காரரோடு வந்தார். ஒருத்திக்கு வயிற்று வலி என்றால் நிற்காத லைன் ஐந்து நிமிஷம் நின்றது.

"நம்ம கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டே டிகிரி படிக்கப் போற பொண்ணு, மாரிசெல்வி. அவங்க படிப்புக்காகவே செகண்ட் ஷிப்ட் பிக்ஸ் பண்ணிக் குடுத்திருக்கோம். எல்லாரும் கை தட்டுங்க."

லைன் முழுக்கக் கை தட்டியது. பக்கத்து லைனில் ஷெர்லின் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல் நின்றாள். குன்றத்தூர் தாண்டி ஒரு வகுப்பில் இந்நேரம் பேர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தணிகாசலத்துக்கு அது தெரியும். அவர் அவளைப் பார்க்காமல், தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாஸ்க்கை எறக்கிக்கமா. போட்டோ எடுக்கறாங்க, சிரி."

மாரிசெல்வி மாஸ்க்கை இறக்கிச் சிரித்தாள்.