பதினொரு அடி

2019 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். தூறல் நின்றிருந்தது, மேகம் இன்னும் கலையவில்லை. பெரியவள் கொல்லையில் குனிந்து கோழிக்கூண்டின் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. அப்பா இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே ஆறு கோழிகளும் தீனிக்குக் கத்தின.

“மேல தூக்கிட்டு இழுக்கணும்க்கா,” என்றாள் தங்கை. அழுததில் முகம் வீங்கியிருந்தது. அவள் ஒற்றை விரலால் திறந்தாள். கோழிகள் அவளுடைய காலைச் சுற்றிக்கொண்டன. அந்தத் தாழ்ப்பாளின் சூட்சுமம் அப்பாவுக்கும் சின்னவளுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது என்பதைப் பெரியவள் அப்போதும் குறித்துக்கொண்டாள்.

அவள் பத்திரம் எழுதுபவள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். தங்கை அப்பாவோடு இருந்தாள். ஞாயிறுதோறும் பெரியவள் வருவாள். அவளோடு பேசும்போதும் அப்பாவின் கண் கூண்டின் மேலேயே இருக்கும். மார்ச்சில் ஒரு ஞாயிறு, அவள் வாசலில் செருப்பைக் கழற்றுகையில், கொல்லையில் தங்கை சிரிப்பது கேட்டது.

“இன்னைக்கும் பெரியவ எல்லாரையும் கொத்தி விரட்டிட்டாப்பா.”

அப்பாவும் சிரித்தார். செங்கோழி ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று புரியச் சற்று நேரமானது. அவள் உள்ளே போய்க் காப்பி குடித்தாள்.

மறுவாரம் நகராட்சிக்குக் கையொப்பமில்லாத புகார் போனது. குடியிருப்புப் பகுதியில் நான்கு கோழிகளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. கூண்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையே பதினைந்து அடி வேண்டும். இங்கே ஆறு கோழிகள், பதினொரு அடி. அவளே அளந்திருந்தாள். எழுத்தை இடப்பக்கம் சாய்த்து, யாருடையதோ போல எழுதினாள். முடித்ததும், கடைசிச் சொல்லிலிருந்து தாளின் அடிவரை குறுக்குக் கோடு ஒன்றை இழுத்து, அதன் நுனியில் இரண்டு சிறு வெட்டுகள் போட்டாள். பின்னால் எவரும் எதையும் சேர்த்துவிடாதிருக்க, அவளுடைய மேசையிலிருந்து போகும் தாள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கும். கை தானாகச் செய்தது.

நகராட்சி அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் அப்பா கூப்பிட்டனுப்பினார். விசேஷ அனுமதிக்கு மனு எழுத வேண்டுமாம்.

“நீதான்மா எழுதணும். உன் கை பட்டாதான் அது ஆபீஸ்ல நிக்கும்.”

தன்னுடைய புகாருக்கு எதிராக அவளே ஒன்பது காரணங்கள் எழுதினாள். நான்கு ஞாயிறுகள் அப்பா எதிரில் உட்கார்ந்து அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை தனியாகத் தீனி வைத்தாள். மனு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று பெரியவள் ஒரு பத்தியை மூன்று முறை திருத்தினாள். கடைசி நாளில் அப்பா, “கீழ கோடு போட மறந்துடாத,” என்றார். தன் தொழிலை அவர் இவ்வளவு கவனித்திருக்கிறார் என்று அன்று முழுவதும் அவளுக்கு நிறைவாக இருந்தது.

அப்பா இறந்த அன்று பதினொரு மணிக்குச் சுகாதார ஆய்வாளர் உத்தரவோடு வந்தார். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளையும் கூட்டத்தையும் பார்த்துத் தயங்கினார். இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார்.

“குடுத்துட்டே போங்க சார். அப்பா தினமும் கேட்டுட்டிருந்தாரு,” என்றாள் தங்கை.

ஆறு கோழிகளுக்கும் அனுமதி, கூண்டு இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்றார் அவர். ஆணையர் கையெழுத்திட்ட உத்தரவோடு புகாரின் நகலும் சேர்ந்திருந்தது. பெரியவள் சட்டென்று எழுந்து, தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். யாரும் வியக்கவில்லை, காகித வேலை எப்போதும் அவளுடையதுதான்.

அவள் பதிவேட்டில் கையெழுத்திடும்போது ஆய்வாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“புகார் நகல் அப்பாவுக்குப் புதுசில்லம்மா. நோட்டீஸ் குடுத்த அன்னைக்கே வாங்கிட்டாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அந்தக் கோட்டைக்கூட விரலால தடவிப் பாத்தாரு.”

பேனா பதிவேட்டின் மேலேயே நின்றது. அவர் உத்தரவை நீட்டினார். அவள் வாங்கினாள். இரண்டு தாள்களையும் ஒரு குண்டூசிதான் பிடித்திருந்தது. கழற்ற ஒரு நொடி போதும்.

“என்னக்கா போட்டிருக்கு?” என்றாள் தங்கை.

பெரியவள் குண்டூசியைத் தொடாமல் உத்தரவை அப்படியே அவள் கையில் கொடுத்தாள்.