மூன்று மணிக்கு மேசை வேண்டும்

எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிடம். ஒன்றேகாலுக்கு உட்காரலாம், மூன்றுக்கு எழுந்துவிட வேண்டும் என்று முன்பதிவு மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார்கள். லண்டன் ஐலிங்டனில் ஞாயிறு மதியம் ஒரு பப்பில் மேசை கிடைப்பதே பெரிய விஷயம். பதினோரு நாள் முன்பே பதிந்திருந்தேன்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ஏப்ரலில் நான் வேலைக்காக நியூசிலாந்து போகிறேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வடக்கே கிரிம்ஸ்பியில் இருக்கும் தன் வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்திடுவதாக இருந்தார். லண்டனில் எனக்கு அடுத்த தெருவில் ஓர் அறை வீட்டை வாடகைக்குப் பேசியும் முடித்திருந்தார். எனவே அன்றே சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் நான்கு முறை முயன்றிருந்தேன். நான்கு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

முதல் பதினான்கு நிமிடம் பியருக்காகப் போயிற்று. பப் என்றால் எழுந்துபோய் கவுண்டரில் கேட்டு வாங்கிவருவதுதான் அப்பாவுக்குத் தெரியும். நான் சொல்வதற்குள் போய்விட்டார். அங்கே நின்று, பின்னால் வந்த ஒவ்வொருவரையும் முன்னால் விட்டார். கடைசியில், மேசைக்கே கொண்டுவருவோம் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அவர் குடிக்கும் பழுப்பு பியர் இல்லை. கலங்கலாக, பம்பளிமாஸ் மணத்தோடு ஒன்று வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, புதுசா இருக்கு என்றார்.

மாட்டிறைச்சி ரோஸ்ட் அவருக்கு, கோழி எனக்கு. சாப்பாடு வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் புது வீட்டின் படங்களைக் கைபேசியில் காட்டினார். ஒவ்வொரு சுவரையும் அளந்து வைத்திருந்தார். பீங்கான் அலமாரியை ஜன்னல் பக்கம் போடலாமா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பரிமாறுகிறவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். மறுபடி திறந்தேன். பக்கத்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு நாய் வந்து அப்பாவின் முழங்காலில் தலையை வைத்தது. அதற்குப் பிறகு பத்து நிமிடம் நாயைப் பற்றித்தான் பேச்சு.

தட்டுகள் வந்தன. அப்பாவுக்கு முன்னால் கருக வறுத்த முழுக் காலிஃபிளவர். அவர் கேட்ட மாட்டிறைச்சி பக்கத்து மேசையில், பச்சை ஸ்வெட்டர் போட்ட பெண்ணுக்கு முன்னால் இருந்தது. இருபது வருடமாகக் கறி தொடுவதில்லை என்று சற்று முன்புதான் அவள் பரிமாறுகிறவரிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழம்பு படாத உருளைக்கிழங்கை மட்டும் ஓரமாக நகர்த்தித் தின்னத் தொடங்கினாள்.

"அப்பா, தட்டு மாறிடுச்சு. சொல்லுங்க."

"பரவால்லம்மா. இதுவும் நல்லாத்தான் இருக்கு."

"உங்க தட்டு அந்தா இருக்கு. கைய நீட்டினா எட்டும்."

"பாவம், அவங்களுக்கு இன்னிக்கு எவ்வளவு வேலை."

பரிமாறுகிறவர் வந்து, எல்லாம் எப்படி இருக்கிறது என்று எங்கள் இரண்டு மேசைகளையும் சேர்த்துக் கேட்டார். பிரமாதம் என்றார் அப்பா. அருமை என்றாள் பச்சை ஸ்வெட்டர்காரி. என் கோழி நடுவில் ஆறிப்போயிருந்தது. ரொம்ப நன்றி என்றேன். அவர் போனதும் எனக்கு அழுகை வரும்போல எரிச்சல் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மணி இரண்டே முக்கால்.

"இனிமே வாராவாரம் இங்கயே வந்துடலாம். நடந்தே வரலாம்ல?" என்றார் அப்பா.

சொல்லிவிட்டேன். வேலை, ஏப்ரல், நியூசிலாந்து, மூன்று வருடம், அதற்கு மேலும் ஆகலாம். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அப்பா காலிஃபிளவரை நான்காக வெட்டினார், எட்டாக வெட்டினார், ஒன்றையும் தின்னவில்லை. பிறகு நான் வேலை பார்க்கும் மீன் ஆய்வகத்தின் மேல் அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே குறைவு. மீனின் வயதை அறிய அதன் காது எலும்பில் வளையம் எண்ண உலகத்தின் அந்தக் கோடிக்கா ஓர் ஆளை அனுப்புவார்கள், அந்த எலும்பைத் தபாலில் வரவழைத்தால் போதாதா என்று கேட்டார். எதற்கும் தலையாட்டுகிற பெண் என்று தெரிந்துதான் என் தலையில் கட்டிவிட்டார்களாம்.

வாசலருகே அடுத்த குடும்பம் கோட்டைக்கூடக் கழற்றாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். உணவுப் பட்டியலைத் திருப்பிப் போட்டு, என் மேலதிகாரியின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார்.

"எதுக்குப்பா?"

"மரியாதையாத்தான் எழுதுவேன். பொண்ணு கூச்ச சுபாவம், வேண்டாம்னு சொல்ல வராது, அதான் அப்பா எழுதறேன்னு."

"வேண்டாம்ப்பா."

"அவங்க கேக்கலன்னாலும் பரவால்ல. நான் நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு இங்க வந்துடறேன். நீ திரும்பி வர்ற வரைக்கும் உன் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டு இருக்கேன். மூணு வருஷம்தானே."

முதல் வரியை எழுதிவிட்டிருந்தார். அழகான கையெழுத்து. நான் கையை நீட்டிப் பேனாவைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை.

"யாரும் என்னை அனுப்பலப்பா," என்றேன். "நீங்க லண்டனுக்கே வந்துடறேன்னு போன்ல சொன்னீங்கல்ல. போனை வச்சதும் நானேதான் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்."