அறுபத்திரண்டு அடி

எல்லம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசில் மாங்காய் திருடினால்கூட அடுத்த நிமிஷம் தானே போய்ச் சொல்லி அடி வாங்கிக்கொண்டு வருகிற ஜென்மம். அப்படிப்பட்டவள் ஒன்பது நாள் தொடர்ந்து, காலை ஆறு மணிக்குப் போனில் கூசாமல் புளுகினாள் என்றால் யார் நம்புவார்கள்?

கே.ஜி.கண்டிகைக்கு அந்தாண்டை, அரை ஏக்கர் கொல்லைக்குள் தனி வீடு. புருஷன் துளசிங்கம் நகரிக்குத் தறி ஓட்டப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். பதினோரு வருஷம் ஆகிறது. போனவன் போகட்டும், அந்தப் பேச்சு நமக்கெதற்கு. பிள்ளையும் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு லட்சம் ஜனம் காவடியோடு கொல்லையோரத்து ரோட்டில் போகும். "சாப்டியா எல்லம்மா" என்று கேட்கத்தான் ஒரு நாதி கிடையாது.

கேட்டவள் தேவிப்பிரியா. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பெண். பாறை வெடிப்புக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது, ஓட ஓட வெடிப்பு எப்படி விரிகிறது, சுருங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குக் கட்டுவது அவள் வேலை. அதற்காகப் பக்கத்துக் கொல்லை போர்வெல்லில் ராப்பகலாக மோட்டார் ஓடியது. அதனால் எல்லம்மாளின் கொல்லையில் மோட்டார் கெட்டுக் கிடந்த போர்வெல்லில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று தினமும் பார்க்க வேண்டும். அடிக்கணக்கு போட்ட நாடா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். நுனியில் பித்தளைக் குண்டு. தண்ணீரைத் தொட்டால் 'டொப்'பென்று சத்தம் வரும்.

"தண்ணிதாங்க்கா உள்ள வெடிப்பைத் தாங்கிப் பிடிச்சிட்டு இருக்கு. தண்ணி எறங்கிடுச்சின்னா பாறை தன் பாரத்துலயே இறுகிடும். அப்புறம் மழை பெஞ்சாலும் பழையபடி தொறக்காது."

எல்லம்மாளுக்கு அது பாதிதான் புரிந்தது. தினம் ஆறு மணிக்குப் போன் வரும் என்பது முழுசாகப் புரிந்தது.

நாலு நிமிஷப் பேச்சு. எத்தனை அடி, சாப்டீங்களா, முட்டி வலி எப்படி. அவ்வளவுதான். அந்த நாலு நிமிஷத்துக்காக எல்லம்மாள் ஐந்து மணிக்கே தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டாள். போனில் முகமா தெரியும்? பைத்தியம்தான்.

ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்தொன்று என்று இறங்கிய தண்ணீர் அறுபத்திரண்டில் நின்றது. மறுநாளும் அதே அறுபத்திரண்டு.

"சூப்பர்க்கா! நாளைக்கும் அதே நம்பர் வந்துட்டா வேலை முடிஞ்சிது. அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

தொந்தரவாம் தொந்தரவு!

மூன்றாம் நாள் நாடா அறுபத்திரண்டைத்தான் காட்டியது. எல்லம்மாள் வாயில் "அறுபத்தொண்ணு" என்று வந்தது. அடுத்த நாள் அறுபத்திமூணு. அதற்கடுத்த நாள் அறுபத்தொண்ணரை. அளந்தது ஒன்று, சொன்னது ஒன்று. பாவம்தான். ஆனால் போன் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் பொய்யைக் கேட்டதும் அந்தப் பெண் குதிக்காத குறை.

"அக்கா, உங்க பாறை மூச்சு விடுது! வெடிப்பு விரியுது, சுருங்குது, திரும்ப விரியுது. என் கணக்கையே மாத்திட்டேன். வெள்ளிக்கிழமை பெரிய பெரிய புரொபசருங்க முன்னாடி இதைத்தான் சொல்லப்போறேன்."

எல்லம்மாள் போனை வைத்துவிட்டு நாடாவைப் பார்த்தாள். பாறையாவது மூச்சு விடுவதாவது! நாலு படித்தவர்கள் எதிரில் அந்தப் பெண் இந்தப் புளுகைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போகிறாளே. சொன்னால் போன் நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவள் பிழைப்பு சந்தி சிரித்துவிடும்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் போன் வந்தது. "எத்தனைக்கா?"

"அறுபத்திரண்டு. பன்னண்டு நாளா அறுபத்திரண்டுதாம்மா. நான்தான் மாத்தி மாத்தி சொல்லிகினு இருந்தேன்."

தேவிப்பிரியா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க்கா?"

"மூணு நாளு ஒரே நம்பர் வந்தா போன் பண்ண மாட்டேன்னியே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நல்ல வேளை சொன்னீங்க. சரிக்கா," என்று சொல்லிவிட்டு தேவிப்பிரியா வைத்துவிட்டாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு போன் வரவில்லை. பக்கத்துக் கொல்லை மோட்டாரையும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தமும் போன பிறகு வீடு தாங்க முடியாமல் இருந்தது. ஆனாலும் எல்லம்மாள் ஐந்து மணிக்கு எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் போன் அடித்தது.

"சாப்டீங்களாக்கா?"

"ஆங், சாப்டேன்."

"முட்டி வலி?"

"அது பாட்டுக்குக் கீது."

அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. வேலை ஒன்றும் இல்லாமல், தனக்காகவே வந்த போன். பதினோரு வருஷமாக யாரோடும் உட்கார்ந்து பேசியிராத வாய், எதையென்று எடுத்துப் பேசும்? சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. தேவிப்பிரியா தொண்டையைச் செருமினாள்.

"சரிக்கா, அப்போ வெச்சிட..."

"இரும்மா, இரு! வெச்சிடாத. எத்தனை அடின்னு பாத்து சொல்றேன்."

அதை யாரும் கேட்கவில்லை. எல்லம்மாள் கொல்லைக்கு ஓடி, போனைப் போர்வெல் குழாயோரம் வைத்துவிட்டு, நாடாவை உள்ளே விட்டாள். ஒவ்வொரு அடியாக, மெதுவாக, முடிந்த மட்டும் மெதுவாக இறக்கினாள்.