மாலை போடாத படம்

புயல் ஓய்ந்து, வீட்டுக்குள் புகுந்த வெள்ளமும் வடிந்த காலையில், வேம்புலியின் அம்மா படம் சேற்றில் குப்புறக் கிடந்தது. கண்ணாடிமேல் வெள்ளிதோறும் வைத்த குங்குமம் கரைந்து உள்ளே இறங்கியிருந்தது. மாமியார் முகத்தில் சிவப்பாக வழிகிறதே என்று பதறிய கமலம் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தாள். முகம் முந்தானையோடு வந்துவிட்டது.

ஈரப் படத்தைத் துடைக்கக் கூடாது என்பதை, கரையான்சாவடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்தே தலை நரைத்த வேம்புலி, கட்டிய மனைவிக்குச் சொல்லி வைத்ததில்லை. நெகட்டிவ் வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே கூழ்.

மறுநாள் அம்மாவுக்குத் தெவசம். ஆப்பக் கடைக்காரி, பஸ் படியில் தொங்குகிறவன், குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பவள் என்று ஊரையெல்லாம் படமெடுத்தவர் அவர். அம்மா காமிரா முன் உட்கார்ந்தது ஒரே முறை.

“உங்க தம்பிகிட்ட அதே படம் ஒண்ணு கீதுல்ல?” என்றாள் கமலம்.

“செத்தவன் ஊட்டுக்கு எவன் போவான்?”

“அப்போ நாளைக்கு செவுத்துக்கு மாலை போடுங்க.”

தம்பி சம்பந்தம் திருநின்றவூரில் உயிரோடுதான் இருந்தான். ஜெகதீசன் மாமாவின் மகளுக்கும் அவனுக்கும் தட்டு மாற்றி, பத்திரிகையும் அடித்த பிறகு, பேபி என்ற வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு போனவன். மாமா வாசலில் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் தலை குனிந்தவர் வேம்புலி. அன்றே தம்பியைத் தலைமுழுகினார். செத்துவிட்டான் என்று ஊரறியச் சொன்னார். அம்மா இறந்தபோது, அவளும் தம்பியும் சேர்ந்திருந்த படத்திலிருந்து அவனை வெட்டியெறிந்துவிட்டு மாட்டினார். அவன் தோளில் இருந்த அம்மாவின் கை, சுவரில் மணிக்கட்டோடு நின்றுபோனது.

காமிராப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, திருநின்றவூருக்குப் போகத் தெருவில் நின்ற தண்ணீரில் இறங்கினார். மழை மறுபடி பிடித்தது. வழியில் ஒருத்தி, நனைந்த கல்யாண ஆல்பத்தின் தாள்களைக் கிளிப் மாட்டித் தாழ்வாரத்துக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் நின்று எடுத்திருப்பார். அன்று அம்மாவின் முகத்தை நினைவில் கூட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மூக்குத்தி வந்தது. நெற்றி வந்தது. கண் மட்டும் வரவே இல்லை.

கதவைத் திறந்த பேபி, “மாமா…” என்று பின்வாங்கினாள்.

உள்ளிருந்து சம்பந்தம் எட்டிப் பார்த்தான். “இன்னா அண்ணாத்தே, பால் ஊத்த வந்தியா?”

“அம்மா படம் வெள்ளத்துல பூட்ச்சு. உன்னுதை ஒரு போட்டோ எடுத்துக்குறேன். போயிடுவேன்.” வேம்புலி உட்காரவில்லை.

சம்பந்தம் பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்து வந்தான். அம்மா இருந்தாள், கண்களோடு. தம்பியின் தோளில் முழுக் கை.

“எடுத்துக்கோ. ஆனா என்னை வெட்டக் கூடாது. அப்பிடியே மாட்டணும்.”

“உயிரோட கீறவன் படத்துக்கு எப்பிடிடா மாலை போடறது?”

“அப்போ போடாத. அம்மா கையையே வெட்டினவன் நீ. ஒத்துக்கினா எடு, இல்லாட்டி கெளம்பு.”

வீட்டுக்குப் போய் வெட்டினால் இவனுக்கு எப்படித் தெரியும்? வேம்புலிக்கும் அது தோன்றியது. ஆனால் கொடுத்த சொல்லை அந்தக் குடும்பத்தில் ஒருவன் முறித்ததே போதும். “சரி” என்றார். பையிலிருந்து காமிராவை எடுத்தார்.

மறுநாள் படையல் இலையெதிரே, தம்பியை வெட்டாத படம் வெறுமனே இருந்தது. மாலை தட்டில் கிடந்தது. சொந்தக்காரர்கள் படத்தையும் வேம்புலியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஜெகதீசன் மாமாதான் வாய் திறந்தார்.

“இன்னாபா, மாலையை வாங்கி வெச்சிகினு போடாம நிக்கிற?”

தம்பியைத் தலைமுழுகிய நாளிலிருந்து நிமிர்ந்தே இருந்த கழுத்து வேம்புலிக்கு வலித்தது. இந்த மனிதர் முன்னால் அதைச் சொல்வதைவிட, வந்த வெள்ளத்தில் தானும் போயிருக்கலாம் என்று தோன்றியது.

“போட முடியாது மாமா,” என்றார். “என் தம்பி உயிரோட கீறான்.”