விபத்துக்குக் காரணம்: கவனக்குறைவு

விபத்துப் படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்த முதல் பத்து வருஷமும் அதில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றுதான் எழுதி வந்தேன். யோசிக்கிற வேலையே கிடையாது. இரண்டாயிரத்து ஆறில், தீபாவளி சீசன் நேரம், சண்முகத்தாய் தன் படிவத்தின் நகலைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டாள்.

முழங்கை வரை வெந்து ஆறிய கை. அச்சங்குளத்துக்காரி, சரவெடி பின்னுவதில் பதினாறு வருஷ அனுபவம். கவனமில்லாத ஆளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"என் கவனம் எங்கன குறைஞ்சதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏம்மா, சீசன் நேரத்துல உசுர வாங்குற?"

அவள் வாயை அடைக்கத்தான் விபத்துப் பதிவேட்டை விரித்தேன். ஏழு விபத்து, ஏழிலும் கவனக்குறைவு. விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன் 'அனுபவம்' கட்டத்தில் நின்றுவிட்டேன். பன்னிரண்டு வருஷம், பத்து, பதினெட்டு... புது ஆள் ஒன்றுகூட இல்லை.

அட, இதென்ன கூத்து! நேற்று வந்தவர்கள் தப்பித்திருக்கிறார்கள், கைதேர்ந்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஏன் தாயி இப்படி?"

"அன்னைக்கு நான் எந்த ரூம்ல இருந்தேன்?"

"புஸ்வாண ரூம்ல. அங்க மருந்து அமுக்குற மூக்கம்மா லீவுன்னு..."

"அங்க என்னைய அனுப்புனது யாரு?"

நான்தான். புது ஆளை அனுப்பினால் தட்டுத்தடுமாறும். கெட்டிக்காரியை உட்கார வைத்தால் லோடு நிற்காது.

"சரத்துல வெடுக்குன்னு இழுத்து முடியணும். புஸ்வாணத்துல மருந்தை மெதுவா அமுக்கணும். பதினாறு வருசமா இழுத்த கை சொன்னா கேக்குமா? புதுசுக பயந்து, கேட்டுக் கேட்டுச் செய்யும். எனக்குத் தெரியும்னு நெனச்சு நீங்களும் சொல்லித் தரலை, நானும் கேக்கலை."

மற்ற ஆறு பேரும் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தேதி வாரியாகப் புரட்டினேன். ஒருவர்கூடத் தன் ரூமில் இல்லை. அத்தனை பேரையும் மாற்றியவன் நான்.

அவள் படிவத்தில் இருந்ததை அடித்துவிட்டு, 'போர்மேன் பழகாத வேலைக்கு மாற்றியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி என்ன செய்வாரோ, செய்யட்டும்.

"நானே மொதலாளிகிட்ட கொண்டுபோறேன். நாளைக்கு வேலைக்கு வா தாயி."

முகம் மலரும் என்று பார்த்தேன். அவள் நகரவில்லை.

"எந்த ரூமுக்குன்னும் அதுலயே எழுதிருங்க அண்ணாச்சி."