பூட்டிய விடுதி

மகளைச் சேர்க்கலாமா என்று பார்க்கப் போன அந்தக் கல்லூரி அம்மாவுக்குப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம், அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்ததுதான். வாசலில் நின்றவர் சிரித்தார், வரவேற்பறைப் பெண் சிரித்தாள், படியில் எதிர்ப்பட்ட மாணவர்களும் சிரித்தார்கள். துணித் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறவள் அம்மா. எந்தச் சட்டை வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்க்கிற கை அவளுடையது.

மகளுக்கு வீட்டில் வானொலி என்று பெயர். படிப்பில் கெட்டி. பேச ஆள் கிடைத்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். சுற்றிக்காட்ட வந்த நீலக் கோட்டுப் பெண்ணோடு பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, நீங்களும் ஹாஸ்டலா? எந்த மாடி?"

"ரெண்டாவது மாடிம்மா. செம ஜாலியா இருக்கும்."

பிள்ளை மயங்கிவிட்டாள் என்று அம்மா நினைத்தாள். ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட நாலு பேர் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா கைகழுவும் தொட்டியை எட்டிப் பார்த்தாள். ஒரு கறை இல்லை, சொட்டு ஈரம் இல்லை.

"ஹாஸ்டலைப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு அங்க தண்ணித் தொட்டி கழுவுறாங்க ஆன்ட்டி."

"அப்ப சாப்பிடுற இடம்?"

"அங்க பெயின்ட் அடிக்கிறாங்க."

"நல்ல நாள் பாத்துதான் வந்திருக்கோம்" என்றாள் அம்மா.

கழிப்பறைக்குப் போய்வருவதாகச் சொல்லிப் போன மகள் திரும்பவே இல்லை. அம்மாவைவிட நீலக் கோட்டுப் பெண்தான் அதிகம் தவித்தாள். "ஆன்ட்டி, அவங்க ஹாஸ்டல் பக்கம் போயிருக்க மாட்டாங்கல்ல?"

அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. அம்மா விறுவிறுவென்று கட்டடத்தின் பின்பக்கம் நடந்தாள்.

விடுதிக் கதவில் வெளியிலிருந்து பூட்டுத் தொங்கியது. பக்கத்து ஜன்னலடியில் மகள் நின்றிருந்தாள். கம்பிக்கு உள்ளே ஏழெட்டுப் பெண்கள்.

"அம்மா, இவங்கல்லாம் சாப்பாடு சரியில்லன்னு எழுதிக் கொடுத்தவங்களாம். யாராச்சும் பாக்க வந்தா போனைப் பிடுங்கிட்டு இவங்கள உள்ள வச்சுப் பூட்டிடுவாங்களாம்."

"சத்தமாப் பேசாதீங்க ஆன்ட்டி" என்றாள் உள்ளிருந்த ஒருத்தி. "அப்புறம் எங்களுக்குத்தான் கஷ்டம்."

விடுதிக் காப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவரும் சிரித்தார். "அவங்க பாதுகாப்புக்காகத்தாங்க."

"உள்ள தீப்பிடிச்சா யார் வந்து திறப்பா?"

"அதெல்லாம் நடக்காதுங்க. நீங்க வாங்க, ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்."

"திறங்க. திறந்தப்புறம் பேசலாம்."

அம்மா அங்கேயே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். வானொலி சும்மா இருப்பாளா? முன்பக்கம் ஓடி, கண்ணில் பட்ட பெற்றோரை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கூட்டம் சேரச் சேரக் காப்பாளரின் சிரிப்பு வடிந்தது. கடைசியில் சாவி வந்தது. வெளியே வந்த பெண்கள் எண்களைச் சொல்ல, பெற்றோர்கள் தங்கள் கைப்பேசியிலிருந்து அந்தப் பெண்களின் வீடுகளுக்கு அழைத்துக் கொடுத்தார்கள். ஒருத்தி அப்பா குரலைக் கேட்டதும் பேச முடியாமல் அழுதாள். அவளுடைய அப்பா வந்து சேரும்வரை அம்மா இடத்தை விட்டு அசையவில்லை.

பேருந்தில் அம்மா மெல்லச் சொன்னாள். "நீ அந்தப் பொண்ணு பேச்சுல விழுந்துட்டேன்னு நினைச்சேன்."

"ரெண்டாவது மாடின்னு சொன்னாங்கல்ல? கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கேட்டேன், கீழ்த்தளம்னாங்க. அதான் போய்ப் பாத்தேன்."

அம்மா இத்தனை நாளும் அவளை வெறும் வாய் என்றே நினைத்திருந்தாள்.

அடுத்துப் போன கல்லூரியில் அவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. உணவகத்தில் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, நாடகத்தில் யார் நடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகளும் ஒரு கட்சியில் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தாள். அம்மா அதற்குள் விடுதிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, காவலாளியிடம் திட்டு வாங்கி வந்திருந்தாள். அந்தத் திட்டு அவளுக்குப் பிடித்திருந்தது.

மகள் அங்கேயே சேர்ந்தாள். அப்போதும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்த மகள் தூரத்திலிருந்தே பார்த்தாள். "அம்மா, ஒரு அரைமணி நேரம் உக்காரு, வந்துடுறேன்" என்று கத்திவிட்டு மறுபடி பந்தின் பின்னால் ஓடினாள்.

அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் நிழல் பார்த்து உட்கார்ந்தாள்.